வீட்டில் கற்பிக்கும் பெற்றோரும் நிபுணர் வாக்கும்

குழந்தையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் நமது நாட்டில் பெருந்தொகையினர் அல்லர். ஆயினும் அத்தகைய குடும்பங்கள் இருக்கின்றன. சிலர் பயத்தை அடிப்படையாகக் கொண்ட படிப்புப் பிடிக்காமல் இவ்வழியை மேற்கொண்டவர்கள். சிலர் அடிக்கடி ஊர் மாறும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். சிலர் தங்கள் குழந்தையின் தேக நிலையோ மன நிலையோ நாற்பது பேர் அமர்ந்த வகுப்புக்கு ஒத்துவராததைக் கண்ணாரக் கண்டவர்கள். காரணம் எதுவாயினும், இவ்வழியில் காலெடுத்து வைத்த மறுநாள் முதல் அவர்கள் காதில் ஓயாது விழும் வார்த்தை ஒன்றுண்டு. "இது உங்களால் ஆகிற காரியமன்று, விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்" என்பதே அது.

விஷயம் தெரிந்தவர்களும் குறைவில்லை. எந்த வயதில் எழுத்து, எந்த வயதில் கணக்கு, நாளொன்றுக்கு எத்தனை மணி, எந்தப் புஸ்தகம், எந்த முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார். ஒருவர் விதித்ததை மற்றொருவர் விலக்குகிறார். இருவர் சொல்லையும் கேட்டுத் திகைத்து நிற்கும் தாயார், தம் குழந்தையைப் பார்ப்பதை விட்டு அட்டவணையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். இந்நிலையில் கடைசித் தீர்ப்பு யாருடையதாய் இருக்கவேண்டும் என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் கேள்வி. அது பெற்றோருடையதாகவே இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்நிபந்தனைகளைச் சொல்லாமல் அபிப்பிராயத்தை மாத்திரம் சொல்லிவிடுவது நேர்மையாகாது.

இவ்விஷயத்தில் நமக்கு மிகப் பெரிய உதாரணம் காந்தியடிகளே. 1897-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது, அவருடன் மூன்று சிறுவர் இருந்தனர். சகோதரியின் மகனுக்குப் பத்து வயது. தம் புதல்வர் இருவருக்கும் ஒன்பதும் ஐந்தும். அங்கே வெள்ளையர் பள்ளிகளில் இந்தியக் குழந்தைகளுக்கு இடமில்லை. காந்தியடிகளுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்குக் கிட்டாததைத் தம் குழந்தைகளுக்கு மாத்திரம் பெற அவர் உடன்படவில்லை. பாதிரிமார் நடத்திய பள்ளிகளின் போக்கும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே வீட்டிலேயே கற்பிப்பதென்று தீர்மானித்தார். மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை உபாத்தியாயினியாக அமர்த்திப் பார்த்தார், திருப்தி ஏற்படவில்லை. தாமே குஜராத்தியில் பேசிப் பேசிக் கற்பித்தார். குழந்தைப் பருவம் முதலே இங்கிலீஷில் பேசி வளர்த்தால் பிற்கால வாழ்க்கைக்கு நலம் என்று நண்பர் போலக் அவருடன் காரசாரமாக வாதாடியதுண்டு. காந்தியடிகள் இணங்கவில்லை. தாய்பாஷையில் சிந்திக்கத் தெரியாத குழந்தை தன் ஜனங்களுக்கே அந்நியனாகிவிடும் என்பது அவர் கொண்ட உறுதி.

பின்னர் 1910-ல் ஜோஹான்னஸ்பர்க் நகரத்தின் அருகே டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. அங்கிருந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அவர் பெரும்பாலும் தாமே ஏற்றார். தமிழ், குஜராத்தி, ஹிந்தி, உருது ஆகிய எல்லாப் பாஷைகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஏட்டுப் படிப்புக்கு ஒதுக்கியது மிஞ்சிப்போனால் மூன்று பாடவேளைதான். மற்ற வேளையில் தோட்ட வேலை, சமையல், தச்சு, செருப்புத் தைத்தல். தமிழ்ச் சிறுவருக்குத் தமிழ் கற்பித்தவரும் காந்தியடிகளே என்பது தமிழ் மக்களாகிய நாம் மறக்கத் தகாத செய்தி. அவருக்குத் தெரிந்த தமிழ் எவ்வளவு? கப்பற் பிரயாணங்களிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கைந்நூலை வைத்துக்கொண்டு கற்றதுதான். அச்சிறுவர்களுக்கோ பேசத் தெரியும், எழுதத் தெரியாது. அவர் எழுத்தும் எளிய இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் அவர்கள் அவரை வென்றுவிடுவார்கள். இங்கிலீஷ் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால் அச்சிறுவர்களே துபாஷிகள். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் ஒருபோதும் பாசாங்கு செய்ததில்லை. அதனாலேயே மாணவரின் அன்பையும் மரியாதையையும் இழக்காமல் இருந்தார் என்று தமது சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார்.

கல்வி நிபுணர் ஒருவர் அந்த வகுப்பைப் பார்வையிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஆசிரியருக்குப் பாஷை தெரியாது, பாடப் புஸ்தகம் போதாது, நேரம் குறைவு, வயது வாரியாக வகுப்புப் பிரிவு இல்லை என்று நாலு குறை எழுதிக் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பார். அந்நாலும் உண்மையே. ஆயினும் அங்கே கல்வி நடந்தது என்பதும் உண்மையே. அளவுகோலில் அடங்காத ஒன்று அங்கே இருந்தது. கற்பிப்பவர் ஒவ்வொரு சிறுவனையும் தனித்தனியே அறிந்திருந்தார் என்பதே அது.

நிபுணர் என்பவரை நாம் இகழவில்லை. அவர் அறிவு பெரும்பாலும் பலரைப் பார்த்துத் திரட்டிய அறிவு. ஆயிரம் குழந்தைகளைக் கவனித்து நடுத்தர அளவு ஒன்றைச் சொல்கிறார். அது பிரயோஜனமுள்ளதே. ஆனால் நம் வீட்டில் இருப்பது ஆயிரம் குழந்தையன்று, ஒரு குழந்தை. உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளைப் பார்த்தால், ஆரோக்கியமான குழந்தைகளில் சில எட்டு மாதத்திலேயே தனியே நடக்கின்றன. சில பதினேழு மாதம் வரையில் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் இயல்பே. நடையிலேயே இத்தனை வித்தியாசம் இருக்குமானால், எழுத்தறிவில் ஆறு வயதும் எட்டு வயதும் ஒரே கோட்டில் நிற்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? நடுத்தர அளவு வழிகாட்டுமேயன்றி, ஒரு குழந்தையின் மீது தீர்ப்புச் சொல்லாது. உண்மையான நிபுணர் இதை அறிவார். அரைகுறை நிபுணரே அளவைக் கட்டளையாக்கிவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பள்ளிக்கூடத்தின் ஏற்பாடுகளில் பல, கற்றலின் இயல்பிலிருந்து பிறந்தவையல்ல. கூட்டத்தை நடத்தவேண்டிய அவசியத்திலிருந்து பிறந்தவை. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிப்பது, எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படிப்பது, மாதப் பரீட்சை வைப்பது ஆகிய யாவும் ஓர் உபாத்தியாயர் நாற்பது பேரை மேய்க்கவேண்டியிருப்பதால் ஏற்பட்டவை. உபாத்தியாயர் மீது அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு குழந்தையோ இரண்டு குழந்தையோ உள்ள வீட்டில் அதே மணியை அடித்து அதே அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது, கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் அண்டாவை இருவர் சாப்பாட்டுக்கு அடுப்பில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று நெட்டுருப் போடச் சொன்னால் குழந்தை மலைத்துவிடும். முப்பது எழுத்தும் சில குறிகளும் தெரிந்தால் மற்றவை தாமே கூடிவரும். இப்படிக் கற்கும் குழந்தை ஒன்று 'கொ' என்னும் எழுத்தில் மாத்திரம் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சைத் தாள் 'தவறு' என்று ஒரு கோடு போட்டு நின்றுவிடும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கோ, அது ஒலியை அறியாமல் தடுமாறவில்லை. எழுத்துக்கு இருபுறமும் குறி வருவதால் 'கெ' என்றும் 'கா' என்றும் பிரித்துப் பார்த்து மயங்குகிறது என்பது புலப்படும். ஐந்து நிமிஷத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம். பெற்றோரின் மதி என்று நாம் சொல்வது இத்தகைய அறிவையே. இதற்குப் பட்டம் வேண்டாம். பொறுமையும் கவனமும் வேண்டும்.

நிபுணர் வாக்குத் தவறியதே இல்லையா? சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம். 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் செவிடர் கல்வி பற்றிச் சர்வதேச மகாநாடு ஒன்று கூடிற்று. சைகைப் பாஷையை விலக்கி வாய்ப் பேச்சாலேயே கற்பிப்பது சிறந்ததென்று அங்கே தீர்மானித்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். அத்தீர்மானத்தின் பயனாகப் பல நாடுகளில் செவிட்டு உபாத்தியாயர்கள் வேலையிழந்தனர். வகுப்பில் கையசைத்துப் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர்கள் தம் குழந்தையுடன் சைகையால் பேசுவது தீங்கென்று நம்பிக் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். 130 வருஷம் சென்ற பிறகு, 2010-ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் அதே மகாநாட்டின் வழிவந்த சபை கூடி, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வந்தது, போன பால்யம் வரவில்லை.

1928-ல் அமெரிக்காவில் ஜான் வாட்ஸன் என்னும் மனோதத்துவ நிபுணர், குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மனோதத்துவ சங்கத்தின் தலைமைப் பதவியை வகித்தவர் அவர். குழந்தையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அந்நூலின் உபதேசம். அதை வேதவாக்காகக் கொண்ட தாய்மார் பலர் அழுகிற குழந்தையைத் தூக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டனர். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையை அடியோடு மறுத்துவிட்டன. எழுத்தறியாத நம் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செய்தது சரி; பட்டம் பெற்ற பேரறிஞர் எழுதியது பிழை.

நமக்கு இன்னும் நெருங்கிய விஷயம் ஒன்றுண்டு. வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை என்றால் குழந்தையின் மூளை குழம்பிப் பின்தங்கும் என்று அறிஞர் பலர் ஒரு காலத்தில் எழுதிவந்தனர். அதை நம்பி, குடியேறிய நாடுகளில் எத்தனையோ பெற்றோர் தம் தாய்பாஷையை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1962-ல் பீல், லாம்பர்ட் என்னும் இருவர் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் பத்து வயதுச் சிறுவரைச் சோதித்துப் பார்த்தபோது, இருபாஷைச் சிறுவர் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முன்னே நின்றார்கள் என்று கண்டனர். ஆயினும் நம் ஊரிலேயே இன்றும், குழந்தைக்கு இங்கிலீஷ் நன்றாக வரவேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யோசனை சொல்வோர் உண்டு. அந்த யோசனையைக் கேட்ட வீட்டில் பாட்டியும் பேரனும் ஒருவருக்கொருவர் அந்நியராகின்றனர். இங்கிலீஷும் அரைகுறை, தமிழும் அரைகுறை என்ற நிலை ஏற்படுகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு உண்டோ?

இந்தத் தவறுகளைத் திருத்தியவை எவை? மேலும் செய்த ஆராய்ச்சியும், கண்ணால் கண்ட அநுபவமுமே. ஆகவே நாம் சாஸ்திரத்தின் மீது பழி சுமத்தவில்லை. 'கண்ணால் கற்கும் குழந்தை, காதால் கற்கும் குழந்தை' என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கவேண்டுமென்ற கொள்கை நம் காலத்தில் எங்கும் பரவி நிற்கிறது. 2008-ல் மனோதத்துவ அறிஞர் நால்வர் கிடைத்த சான்றுகளையெல்லாம் பரிசீலித்து, அதற்குத் தக்க ஆதாரமில்லை என்று எழுதினார்கள். ஆனால் அந்தக் கொள்கையின் பேரில் பணம் வாங்கிச் சோதனை செய்து சான்றிதழ் கொடுப்பது நிற்கவில்லை. சாஸ்திரம் ஒன்று, சாஸ்திரத்தின் பெயரால் நடக்கும் வியாபாரம் வேறு. இரண்டையும் பிரித்தறியும் திறமை ஒவ்வொரு பெற்றோருக்கும் வேண்டும்.

நமது தேசத்தின் கதையும் இதுவே அல்லவா? இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுந்தவரா என்று தீர்மானிப்பதற்கு 1927-ல் ஒரு கமிஷன் நியமித்தார்கள். ஸைமன் துரையுடன் சேர்த்து அங்கத்தினர் எழுவர். எழுவரில் ஒருவர்கூட இந்தியர் அல்லர். அரசியல் நிர்வாகத்தில் அவர்கள் தேர்ந்தவர்களாய் இருக்கலாம். ஆனால் எந்த ஜனங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தார்களோ, அந்த ஜனங்களின் குரலுக்கு அங்கே இடமில்லை. தேசம் அந்தக் கமிஷனைப் பகிஷ்கரித்தது. நமது நன்மையை நம்மைவிட அறிந்தவர் வேறெவருமில்லை என்ற அத்தன்னம்பிக்கையே சுயராஜ்யத்தின் வித்து. சுதந்திரம் பெற்ற தேசத்தின் குடிகள், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தம் குழந்தைக்கு அரிச்சுவடி கற்பிக்கவும் அஞ்சி நடுங்குவார்களானால், பெற்ற சுதந்திரத்தில் ஏதோ ஒரு பகுதி இன்னும் உள்ளே புகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

நிற்க. இதுவரை சொன்னதைக் கேட்டு, பெற்றோர் செய்வதெல்லாம் சரியே என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. காந்தியடிகளின் கதையில் நாம் இன்னும் சொல்லாத பகுதி ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம்.

அவருடைய மூத்த குமாரர் ஹரிலால், தமக்கு முறையான கல்வி கிடைக்கவில்லை என்று மனம் புழுங்கினார். 1911-ல் தகப்பனாரைப் பிரிந்து, படிப்பை நாடி இந்தியாவுக்கு வந்தார். வயது கடந்துவிட்டது, படிப்பு முற்றுப்பெறவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை துயரமயமானது. 1948-ல் தந்தை மறைந்த சில மாதங்களுக்குள் அவரும் மறைந்தார். இந்தத் துயரத்திற்கெல்லாம் வீட்டுக் கல்வியே காரணமென்று சொல்வது அறியாமை. ஆனால் அதற்குச் சம்பந்தமே இல்லையென்று சொல்வதும் உண்மையாகாது. பிள்ளைகள் தம்மீது குறை கூறுவதற்கு ஓரளவு நியாயம் உண்டென்பதைக் காந்தியடிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜோஹான்னஸ்பர்க்கில் காரியாலயத்திற்குப் போகவர நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மைல் நடக்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று பேச்சின் மூலம் கற்பித்துவந்தார். தினம் ஒரு மணி நேரமாவது தவறாமல் ஏட்டுப் படிப்புக்கு ஒதுக்கியிருந்தால் அக்கல்வி நிறைவுடையதாய் இருந்திருக்கும் என்பது அவருடைய கருத்து. வேலை மிகுதியால் அந்த ஒரு மணி கிடைக்கவில்லை.

மற்றக் குமாரர்களைப் பார்த்தால் வேறொரு காட்சி. மணிலால், 1920 முதல் 1956-ல் காலமாகும் வரையில் பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருந்துகொண்டு 'இந்தியன் ஒபீனியன்' பத்திரிகையை நடத்தினார். தேவதாஸ், 1918-ல் சென்னைக்கு வந்து ஹிந்திப் பிரசாரத்தைத் தொடங்கியவர். பின்னர் ஒரு பெரிய ஆங்கிலத் தினசரியின் ஆசிரியராய் விளங்கியவர். இவர்கள் எந்தச் சர்வகலாசாலையின் பட்டமும் பெற்றவர்கள் அல்லர். ஒரே தந்தை, ஒரே கொள்கை. ஒரு மகனுக்கு அது பொருந்தவில்லை, மற்றவர்க்குப் பொருந்திற்று. ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரே சூத்திரம் சொல்லும் நிபுணர் தவறுவதுபோலவே, நாலு குழந்தைகளுக்கு ஒரே சூத்திரம் வைத்திருக்கும் தகப்பனும் தவறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? காந்தியடிகள் நண்பர் யோசனையை மறுத்தது தவறன்று. மூத்த மகன் வளர வளர, அவன் மனம் என்ன கேட்கிறது என்பதற்கு உரிய இடம் கொடாததே குறை. பெற்றோரின் மதி என்பது குழந்தையைக் கவனிப்பதிலிருந்து பிறப்பது. குழந்தையைக் கவனியாமல் தன் கொள்கையையே கவனித்துக்கொண்டிருப்பது மதியன்று, பிடிவாதம். நிபுணருடைய கொள்கைக்குக் குழந்தையைப் பலியிடுவது பிழை. நம்முடைய கொள்கைக்குப் பலியிடுவதும் அதே பிழைதான்.

ஆகவே, தம் மதியை நம்பி நடக்க விரும்பும் பெற்றோருக்குச் சில யோசனைகளைத் தாழ்மையுடன் கூற விரும்புகிறோம்.

முதலாவது, தினந்தோறும் நாலு வரி எழுதி வையுங்கள். இன்று குழந்தை எதைத் தானே தேடிச் செய்தது, எங்கே தடைப்பட்டது, எப்பொழுது சலித்தது என்பதைக் குறித்து வந்தால், மூன்று மாதத்தில் உங்கள் கையில் இருக்கும் அந்த நோட்டுப் புஸ்தகம் எந்த நிபுணரின் அறிக்கைக்கும் தாழ்ந்ததாகாது. நினைவு நமக்கு வேண்டியதையே சொல்லும். எழுத்து நடந்ததைச் சொல்லும்.

இரண்டாவது, யோசனை சொல்பவரைக் கேள்வி கேளுங்கள். இது எத்தனை குழந்தைகளிடம் கண்டது, எந்த வயதினர், எந்தப் பாஷையினர், பயன் எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேளுங்கள். நல்ல நிபுணர் மகிழ்ந்து விடை கூறுவார்; தமக்குத் தெரியாததைத் தெரியாது என்பார். கேள்வியைக் கேட்டதும் கோபிப்பவரையும், விடைக்குப் பதிலாக விலைப்பட்டியலை நீட்டுபவரையும் வணங்கி அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, நிபுணரின்றி முடியாத விஷயங்களில் நிபுணரிடமே போங்கள். குழந்தைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, வயதுக்கேற்ற பேச்சு வந்ததா என்பவை ஊகத்தால் தீர்மானிக்கத் தக்கவையல்ல. படிப்பில் நாட்டமில்லை என்று நினைத்த குழந்தைக்குக் கரும்பலகையே தெரியாமல் இருந்ததென்பது எத்தனையோ வீடுகளில் பிந்திக் கண்ட உண்மை. விடாமுயற்சியுடன் கற்பித்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் ஒரு குழந்தை வருந்துமானால், அதை 'மெல்ல வரும்' என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடலாகாது. எழுத்தறிவதில் பிறவியாகவே இடர்ப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் தக்க பயிற்சி இளமையிலேயே தொடங்கினால் பெரும்பயன் தரும். யாரிடம், எப்பொழுது கேட்கவேண்டும் என்று அறிவதும் சுயமதியின் பகுதியே.

நாலாவது, தீர்மானங்களைக் கல்லில் செதுக்காதீர்கள். ஒரு முறையை மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். பயனில்லையென்றால் கூச்சமின்றிக் கைவிடுங்கள். குழந்தைக்குப் பத்து வயது ஆனபின் அதன் அபிப்பிராயத்தையும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் மனம் விட்டுக் கேளுங்கள். பள்ளிக்குப் போக விரும்புகிறேன் என்று அது சொன்னால், அதை உங்கள் தோல்வியாகக் கருதாதீர்கள்.

சட்ட விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். 2002-ல் செய்த 86-ஆவது திருத்தம், 6 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தைகளின் கல்வியை அரசியல் சட்டத்தின் 21-ஏ பிரிவில் அடிப்படை உரிமையாக்கியது. அக்குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்பதையும் 51-ஏ பிரிவில் சேர்த்தது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குழந்தையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையில் தவறிய பெற்றோருக்குத் தண்டனை எதையும் அப்பிரிவு விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியை அச்சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கவுமில்லை, பெயர் சொல்லித் தடுக்கவுமில்லை. பள்ளியில் சேராத குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று 4-ஆவது பிரிவு கூறுவதால், திரும்பி வருவோருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாக, 14 வயது நிரம்பியவர் பள்ளிக்குச் செல்லாமலே 10-ஆம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதலாம். இவ்வழிகளை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது பெற்றோரின் கடமை. கொள்கைக்காகக் குழந்தையின் எதிர்காலக் கதவு எதையும் மூடிவிட நமக்கு உரிமையில்லை.

சட்டம் ஏன் இவ்வாறு கட்டாயப்படுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தீப்பெட்டித் தொழிலிலும் செங்கற்சூளையிலும் உழைத்துத் தேய்ந்த பிஞ்சுக் கைகளை மீட்கவும், பெண் குழந்தையை அடுப்பங்கரையிலிருந்து வெளியே கொண்டுவரவும் ஏற்பட்டது அக்கட்டாயம். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெண்ணை நிறுத்திவிட்டு, 'வீட்டிலேயே படிக்கிறாள்' என்று சொல்லும் தகப்பனுக்கு நமது வாதத்தில் எள்ளளவும் இடமில்லை. மகனுக்குப் பள்ளி, மகளுக்கு வீடு என்பது கல்வியன்று, வஞ்சனை. தன் மதி என்ற பெயரில் அநீதியை மறைக்க யாரும் முற்படலாகாது. குழந்தைக்கு நேரமும் உழைப்பும் அள்ளிக் கொடுக்கத் தயாராய் இருப்பவருக்கே இவ்வழி உரியது. கூலிக்குப் போய் இரவில் திரும்பும் தாய் தந்தையருக்கு நல்ல சர்க்கார் பள்ளியே அரண். அப்பள்ளியைச் சீராக்குவதற்குக் குரல் கொடுக்கும் கடமை, தம் குழந்தையை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோருக்கும் உண்டு.

ஆயினும் நாம் சொல்லவந்த தத்துவம் வீட்டில் கற்பிப்போருக்கு மாத்திரம் உரியதன்று. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்புக் குழந்தைகள் 2021 நவம்பர் வரையில் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. விரும்பியோ விரும்பாமலோ ஒவ்வொரு வீடும் பள்ளியாயிற்று. அக்காலத்தில் பல குழந்தைகள் கற்றதை மறந்தனர்; அந்த நஷ்டத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அதே காலத்தில், தம் குழந்தை எதை அறிந்திருக்கிறது, எதை மனப்பாடம் மாத்திரம் செய்திருக்கிறது என்பதைப் பல பெற்றோர் முதன்முதலாகக் கண்டனர். மதிப்பெண் அட்டை சொல்லாத உண்மை அது. அக்காட்சியைக் கண்டபின், 'எல்லாம் பள்ளி பார்த்துக்கொள்ளும்' என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வது தகுமா?

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டிலும், அனுப்பாத வீட்டிலும், அக்குழந்தையை நன்கறிந்த ஒருவர் இருந்தாகவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயோ, தந்தையோ, பாட்டியோதான். அவர்களுடைய கண்ணுக்குப் பட்டதைப் 'படியாதவர் பேச்சு' என்று ஒதுக்கும் வழக்கம் ஒழியவேண்டும். அவர்களும் தம் கண்ணையே அவமதித்துக்கொள்ளும் வழக்கத்தை விடவேண்டும். நிபுணர் வரட்டும், திண்ணையில் அமரட்டும், தாம் அறிந்ததைச் சொல்லட்டும், மரியாதையுடன் கேட்போம். ஆனால் குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர் நாமே. வழியில் இடறினால் அதைத் தூக்கி நிறுத்தவேண்டியவரும் நாமே. அப்பொறுப்பு நம்முடையதாய் இருக்கும்வரையில், எவ்வழியிற் போவது என்ற தீர்மானமும் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.